மூன்றேகால் மணிச் சத்தம்

மாலை 4.40.

கழுவ வேண்டிய தேநீர்க் கோப்பைகளை எடுத்துப்போக வந்த பெண், கடைசி அறையின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். மேசைக்குப் பின்னால் அவளுடைய சித்தப்பா நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மார்பில் விழுந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கண்ணயர்வது அவருக்கு உண்டு. ஆனால் அந்தத் தூக்கத்திலும் கைகள் விசைப்பலகையின் மேலேயே இருக்கும். இன்றோ நாற்காலி மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. இரண்டு கைகளும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

"சித்தப்பா... சித்தப்பா!"

மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அவள் கையிலிருந்த கோப்பைகள் தரையில் உடைந்து கிடந்தன. மூச்சு இருந்தது, மிக மெதுவாக. கணினித் திரையில் ஒரு கடிதம் திறந்திருந்தது.

"விசாரணை அதிகாரிகளுக்கு,

சிறுவர் காய்ச்சல் மருந்தின் தாளில் 'நாலு கரண்டி' என்று தவறாகப் போட்டது நான்தான். மூலத்தில் இருந்தது கால் கரண்டி. நம் பாஷையில் மாற்றும்போது கவனம் தப்பிவிட்டது. அலுவலகத்தில் வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. மொத்தப் பொறுப்பும் என்னுடையது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் என்னை மன்னிக்கட்டும். இனி நான் உயிரோடு இருப்பதில் அர்த்தம் இல்லை. என் அண்ணன் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

மாலை 5.25.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மொழிபெயர்ப்பாளரை ஆம்புலன்ஸ் கொண்டுபோயிருந்தது. மேசை இழுப்பறையில் அவருடைய தூக்க மாத்திரை அட்டை காலியாகக் கிடந்தது. அவர் தூக்கம் வராத மனிதர் என்பதும், மாத்திரை அந்த இழுப்பறையில்தான் இருக்கும் என்பதும் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அலுவலகம் சிறியது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், துணி துவைக்கும் இயந்திரத்தோடு வரும் கையேடு, இப்படிப்பட்டவற்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது தொழில். ஐந்து வாரத்துக்கு முன்னால் இங்கிருந்து போன ஒரு தாளில் 'கால் கரண்டி' என்பது 'நாலு கரண்டி' ஆகிவிட்டது. அதைப் படித்து மருந்து கொடுத்த இரண்டு வீடுகளில் குழந்தைகள் சுருண்டு விழுந்தன. ஒரு பெண் குழந்தை வீடு திரும்பிவிட்டது. நாலு வயதுப் பையன் ஒருவன் இன்னும் மருத்துவமனையில் இருந்தான். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடவிருந்தது. மொழிபெயர்ப்பாளரைத்தான் முதலில் கூப்பிட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அலுவலகத்தின் மற்ற மூன்று பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார். முதலில் முதலாளியம்மா.

"கடைசியா எப்ப அவரைப் பார்த்தீங்க?"

"ரெண்டேகாலுக்கு எல்லாரும் ஒண்ணா டீ குடிச்சோம். ஒரே ஃபிளாஸ்க். அப்புறம் அவங்கவங்க ரூமுக்குப் போயிட்டோம்."

"அதுக்கப்புறம்?"

"பார்க்கல. ஆனா கேட்டேன். மூணேகால்ல இருந்து மூணே முக்கால் வரைக்கும் தட்டிக்கிட்டுதான் இருந்தார். அந்தக் கீபோர்டு அவரை விட வயசானது சார், தெருமுனை வரைக்கும் கேக்கும். தகரக் கூரையில ஆலங்கட்டி விழற மாதிரி. வழக்கமா விடாம கொட்டும். இன்னிக்கு விட்டு விட்டுக் கேட்டுச்சு."

அடுத்து பிழை திருத்துபவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் புரூஃப் சார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, பையில் சிவப்புப் பேனா.

"நானும் கேட்டேன். என் ரூம்ல காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வேலை பார்த்தேன். பொண்ணு பிரசவத்துக்கு அஞ்சு வாரம் லீவு போட்டுட்டு இந்தத் திங்கக்கிழமைதான் வந்தேன். அஞ்சு வாரம் நிம்மதியா இருந்த காதுக்கு அந்தச் சத்தம் தாங்கல."

கடைசியாக அண்ணன் மகள். இரண்டரையிலிருந்து நாலரை வரை பின்கட்டில் அச்சு இயந்திரத்தோடு இருந்ததாகச் சொன்னாள். கூட யாரும் இல்லை. டீ போட்டதும் அவள்தான்.

"சித்தப்பா 'பாஷை'ன்னு எழுத மாட்டார் சார். அந்த வார்த்தையைக் கண்டாலே கோடு போட்டு அடிப்பார்."

"சாகப் போற மனுஷன் வார்த்தை பார்த்துப் பொறுக்கிக்கிட்டு இருப்பானாம்மா?"



விரல் ரேகையால் பிரயோஜனமில்லை. அந்த விசைப்பலகையை ஒருதடவையாவது தட்டிப் பார்க்காதவர் அலுவலகத்தில் யாருமில்லை. மூன்றேகால் மணிக்கு அவரே தட்டிய சத்தத்தை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கடிதம் இருக்கிறது, காலி அட்டை இருக்கிறது. இன்ஸ்பெக்டர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். "பிழைச்சுக்குவார். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கண் முழிக்க மாட்டார்" என்றார் டாக்டர். வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரரைக் காவலுக்குப் போட்டுவிட்டு, கணினியையும் விசைப்பலகையையும் பொட்டலம் கட்டச் சொன்னார்.

மறுநாள் காலை 9.15.

குறுகலான, நீளமான கடை. வாசலிலிருந்து பாதி வரை தையல் இயந்திரம், தொங்கும் பாவாடைகள், நூல்கண்டுகள். மீதிப் பாதியில் ஒரு மேசை, பற்றவைக்கும் கருவி, சுவர் முழுக்கப் பழைய விசைப்பலகைகள். முன்பாதி நாத்தனாருடையது, பின்பாதி கீபோர்டு அக்காவுடையது. அக்காவின் வேலை, முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய கனத்த விசைப்பலகைகளை இந்தக் காலத்துக் கணினியோடு பேசவைப்பது. வெளியே பலகையில் 'கீபோர்டு' என்று மட்டும் எழுதப்போய், வாரத்துக்கு இரண்டு பேராவது பிள்ளைகளைச் சங்கீதம் படிக்கச் சேர்க்க வருவார்கள்.

"கிளாஸ் எல்லாம் இல்லைங்க" என்றாள் நாத்தனார், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். "இது கம்ப்யூட்டர் கீபோர்டு ரிப்பேர்."

"தெரியும்மா" என்றார் வந்தவர். நாத்தனார் நிமிர்ந்தாள். காக்கிச் சட்டை. "அண்ணி!" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் மேசைமேல் வைத்த பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு கனம் வேறெதற்கும் கிடையாது.

"இது மொழிபெயர்ப்பாளர் சாரோடது. அவருக்கு என்ன ஆச்சு?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல. இதைப் பத்திச் சொல்லுங்க. எங்க டெக்னீஷியன் ஒரு அடாப்டர் வாங்கிப் போட்டுப் பார்த்தான். ஒரு எழுத்துகூட வரல, கீபோர்டு செத்துப்போச்சுங்கிறான். செத்துப்போன கீபோர்டுல எப்படிக் கடிதம் தட்டினார்னு நாளைக்கு எவனாவது கேப்பான். கூட இருந்த இந்தச் சின்னப் பெட்டியில உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு."

தீப்பெட்டி அளவிலான கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"நாக்கை அறுத்துட்டுப் பேசுன்னா எப்படிப் பேசும் சார்? உங்க ஆள் பெட்டியைக் கழட்டிட்டு அடாப்டரைப் போட்டிருக்கார். இந்தப் பிளக்கைப் பாருங்க. வட்டமா, அஞ்சு முள். இதே பிளக்குல ரெண்டு காலத்துக் கீபோர்டு வந்துச்சு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பேச்சு வேற. கடையில கிடைக்கிற அடாப்டருக்குத் தம்பியோட பேச்சுதான் தெரியும். இது அண்ணன். இது சொல்றதை ஒருத்தர் நடுவுல நின்னு கேட்டு, இந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்லணும். அந்த வேலையைத்தான் இந்தப் பெட்டி செய்யுது."

"அதுவும் ஒரு மொழிபெயர்ப்பாளர்னு சொல்லுங்க."

"அவரும் அதைத்தான் சொல்வார். 'நான் தின்கிற சோத்தை இதுக்கும் பங்கு வைக்கணும்போல இருக்கே'ம்பார்."

வட்டப் பிளக்கைப் பெட்டியில் செருகி, பெட்டியின் வாலை இன்ஸ்பெக்டரின் மடிக்கணினியில் செருகினாள். தமிழ் எழுத்துகளை நேராகத் தட்டும் தமிழ்99 முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு விசையாகத் தட்டிக்கொண்டு வந்தாள். கடை முழுக்க டக்டக்கென்று அதிர்ந்தது. எழுத்துகள் வரிசையாகத் திரையில் விழுந்தன. கடைசி வரிசையில், வலப்பக்க ஷிஃப்டுக்கு முந்தைய விசையைத் தட்டியபோது மட்டும் சத்தமும் வரவில்லை, எழுத்தும் வரவில்லை.

"இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இது ஒண்ணு உடைஞ்சது சார். ஸ்பிரிங்குக்கு அடியில சின்ன நாக்கு மாதிரி ஒரு பாகம் இருக்கும், அது ஒடிஞ்சுபோச்சு. புதுசு வர ரெண்டு மாசமாகும். அதுவரைக்கும் இந்த எழுத்தை ஷிஃப்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நட்சத்திரக் கீக்கு மாத்திக் குடுத்தேன்." நட்சத்திரக் குறி போட்ட விசையைத் தட்டினாள். டக். திரையில் 'ழ' வந்தது. "தமிழ்99ல அந்த இடம் ழ. இல்லாம முடியாதே. மூணு வாரம் முன்னால அவரும் அண்ணன் மகளும் வந்து வாங்கிட்டுப் போனாங்க. அந்தப் பொண்ணும் நடுநடுவுல இதுல வேலை பார்ப்பா."

"உங்க கம்ப்யூட்டர்ல மாத்தினதா, அவர் கம்ப்யூட்டர்லயா?"

"ரெண்டுலயும் இல்ல. பெட்டிக்குள்ள. எங்க கொண்டுபோய்ச் செருகினாலும் அப்படித்தான் வரும்."

இன்ஸ்பெக்டர் நோட்டில் குறித்துக்கொண்டார். "அப்ப கீபோர்டு வேலை செய்யுது. கடிதம் இதுல தட்டினதுதான். போதும்மா."

"என்ன கடிதம் சார்?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, போனில் இருந்த படத்தைக் காட்டினார். நாத்தனார் அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து, அண்ணியின் தோளுக்கு மேலாக எட்டி, சத்தமாக வாசித்தாள். பாதியிலேயே முகம் சுளித்தாள்.

"என்ன அண்ணி இது, டிவியில டப்பிங் பேசற மாதிரி இருக்கு? காய்ச்சல் மருந்துக்குப் போய் 'சிறுவர்'னு யாராவது சொல்வாங்களா?"

அக்கா ஒருமுறை வேகமாகப் படித்தாள். பிறகு விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்ந்தாள், சற்று முன் விசைகளைச் சோதித்த மாதிரி. மூன்றாவது முறை கடைசி வரியிலிருந்து மேலே போனாள்.

"சார், நானும் உங்ககூட அந்த ஆபீஸுக்கு வரலாமா? அங்க வேலை பார்க்கற எல்லாரும் இருக்கணும்."

"எதுக்கு?"

"கீபோர்டை இன்னும் சரியாச் சோதிக்கல."

காலை 11.05.

நேற்று நடந்ததையும் மூவரும் சொன்னதையும் வரும் வழியில் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்ட அக்கா, மொழிபெயர்ப்பாளரின் மேசையிலேயே எல்லாவற்றையும் மாட்டினாள். மூன்று பேரும் சுவரோரமாக நின்றார்கள். அண்ணன் மகளின் கண்கள் வீங்கியிருந்தன. இரவெல்லாம் வார்டு வாசலில் போலீஸ்காரருக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அவள்.

"ஒண்ணுமில்ல, கோர்ட்டுக்கு ஒரு அறிக்கை குடுக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர், அக்கா சொல்லிக்கொடுத்தபடி. "ஆளுக்கு ரெண்டே வார்த்தை தட்டுங்க. 'குழந்தை அழுதது.' அவ்வளவுதான்."

முதலாளியம்மா முதலில் உட்கார்ந்தார். "எனக்கு இந்தத் தமிழ்99 எல்லாம் வராது. அம்மான்னா இங்கிலீஷ்ல ஏ எம் எம் ஏ ஏன்னு தட்டினாதான் எனக்கு அம்மா." முறையை மாற்றிக் கொடுத்தாள் அக்கா. அவர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். ழ வேண்டிய இடத்தில் இடது மூலைக்குப் போய் இஸட்டைக் குத்தினார். குழந்தை அழுதது.

முறையைத் திரும்ப மாற்றிவிட்டு அண்ணன் மகளைக் கூப்பிட்டார்கள். நாலைந்து நொடி. கடைசி விரல் ஷிஃப்டைத் தாண்டி நட்சத்திர விசைக்குத் தானாகப் போய்த் திரும்பியது. அவள் கீழே பார்க்கக்கூட இல்லை.

"நீங்க வாங்க சார்."

புரூஃப் சார் உட்கார்ந்து, மணிக்கட்டை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டார். ஒரு காலத்தில் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. டக், டக் என்று 'கு' விழுந்தது. அடுத்த விசை அமுங்கியது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது வேலை செய்யலையே."

"ஆமா சார், அது உடைஞ்சிருக்கு" என்றாள் அக்கா சாதாரணமாக. "பரவாயில்ல, 'ள' போட்டுத் தட்டிடுங்க. குளந்தை அளுதது. சும்மா சோதனைதானே."

புரூஃப் சாரின் விரல்கள் மறுபடி விசைகளுக்கு மேலே போய் நின்றன. அங்கேயே நின்றன.

"தப்பா தட்டச் சொல்றீங்களா?"

"யாரு பார்க்கப் போறாங்க?"

"அதுக்கில்ல... 'குழந்தை'யே வேணுமா? 'பிள்ளை'ன்னு போட்டுக்கலாமே. 'பிள்ளை'ன்னா இந்தத் தொல்லையே இல்ல."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"நேத்து மூணேகாலுக்கும் அதைத்தானே சார் செஞ்சீங்க?" என்றாள் அக்கா.

காலை 11.30.

"எனக்கு முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர், கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டு.

"கடிதத்தைத் திரும்பப் படிங்க சார். ஒரு மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைப் பத்தி எழுதினது. அதுல 'மொழிபெயர்ப்பு'ங்கிற வார்த்தை இருக்கா? பிழையை ஒத்துக்கிற கடிதத்துல 'பிழை' இல்ல. குழந்தைங்க மருந்து, ஆனா 'குழந்தை' இல்ல. 'தமிழ்' இல்ல, 'எழுதினேன்' இல்ல, 'முழுப் பொறுப்பு'ன்னு வர வேண்டிய இடத்துல 'மொத்தப் பொறுப்பு'. 'விசாரணைக் குழு'வுக்குப் பதிலா 'அதிகாரிகள்'. அத்தனை வரியிலயும் ஒரே ஒரு ழகூட கிடையாது."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்துத் தேடினார். உதடுகள் அசைந்தன. தேடி முடித்து நிமிர்ந்தார்.

"இந்தப் பொண்ணு நேத்தே சொல்லியிருக்கா, சித்தப்பா 'பாஷை'ன்னு எழுத மாட்டார்னு. தமிழ்99ல ஷ போட ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டுத் தட்டணும். 'மொழி'ன்னு தட்டறது அதைவிடச் சுலபம், ழ கிடைச்சா. ழ எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். தெரியாத ஒருத்தர்தான் சுத்தி வளைச்சுப் போயிருக்கார். முதலாளியம்மா 'விட்டு விட்டுக் கேட்டுச்சு'ன்னு சொன்னாங்கல்ல? ஒவ்வொரு தடவையும் வேற வார்த்தை யோசிச்ச நேரம் அது."

"வேற கோப்புல இருந்து அந்த எழுத்தை எடுத்து ஒட்டியிருக்கலாமே?"

"பத்துத் தடவையா? பக்கத்து அறையில முதலாளியம்மா. கதவு எப்ப வேணா திறக்கும். தட்டற சத்தமும் ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. அந்தச் சத்தம்தானே அவருக்குச் சாட்சி? அதுக்காகத்தானே தன் ரூம்ல சத்தமில்லாம தட்டாம, நாற்காலியோட அவரைத் தள்ளிவச்சுட்டு இதுல தட்டினது?"

"இந்தப் பொண்ணே ழவை வேணும்னு விட்டிருக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். அண்ணன் மகள் திடுக்கிட்டாள்.

"அவ தட்டியிருந்தா அது சித்தப்பா எழுதினதாத் தெரியணும்னுதான் பார்த்திருப்பா. அதுக்கு ழ வேணும். எங்க இருக்குன்னும் அவளுக்குத் தெரியும். முதலாளியம்மாவுக்கு ழ இஸட்ல இருக்கு, அது நல்லாவே வேலை செய்யுது. அவங்களுக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. தமிழ்99ல தட்டறவர், மூணு வாரம் முன்னால நான் மாத்தினது தெரியாதவர், ஒருத்தர்தான். அஞ்சு வாரம் லீவுல இருந்தவர்."

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அதுவும் சந்தேகமா இருந்துச்சுன்னா, இன்னொண்ணு. ழ வரலைன்னா நூத்துக்குத் தொண்ணூறு பேர் ள போட்டுட்டுப் போயிடுவாங்க. சாகப் போறவன் கடிதத்துல எழுத்துப் பிழையை யார் பார்ப்பா? ஆனா இந்தக் கடிதத்தைத் தட்டினவருக்குக் கை வரல. முப்பது வருஷமா அடுத்தவங்க பிழையைத் திருத்தின கை அது."

புரூஃப் சார் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். திரையில் 'கு' மட்டும் தனியாக நின்றது. சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். எதற்கு வைத்தார் என்று அவருக்கே தெரியாதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவுக்குக் கிளம்பற அன்னிக்கு" என்றார் கடைசியில். "வாசல்ல வண்டி வந்து நிக்குது. பொண்ணுக்கு வலி எடுத்துருச்சுன்னு போன் மேல போன். அந்தத் தாள் மட்டும்தான் பாக்கி. மூலத்துல கால்னு இருந்த பின்னம், என் திரையில வெறும் நாலாத் தெரிஞ்சுது. எழுத்துரு மாறினா அப்படி ஆகும், எனக்கே தெரியும். பத்துப் பேருக்கு நானே சொல்லியிருக்கேன். அன்னிக்குத் தோணல. அவர்தான் தப்பா எழுதிட்டார்னு 'கால்'ஐ அடிச்சுட்டு 'நாலு'ன்னு போட்டேன். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எப்பவும் கேப்பேன்."

"வந்ததும் சொல்லியிருக்கலாமே?" என்றார் முதலாளியம்மா.

"திங்கக்கிழமையே அவர் என் ரூமுக்கு வந்தார். தான் முதல்ல எழுதின பிரதி பென் டிரைவ்ல இருக்குன்னார். 'நீங்களே போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்'னார்." புரூஃப் சார் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுதான் தாங்கல. அவர் என்னைத் திட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னமோ."

"மாத்திரை?"

"எல்லாரும் டீ குடிக்கும்போது அவர் கை கழுவப் போனார். முன்னாலயே எடுத்துப் பொடிச்சு வச்சிருந்ததை அப்போ அவர் கோப்பையில போட்டேன். சாகணும்னு நினைக்கல..."

"'உயிரோடு இருப்பதில் அர்த்தம் இல்லை'ன்னு தட்டினது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

புரூஃப் சார் தோள்பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து, மொழிபெயர்ப்பாளரின் மேசையிலிருந்து நேற்று எடுத்த சிறிய பென் டிரைவை எடுத்து நீட்டினார். அண்ணன் மகள்தான் வாங்கிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிற்பகல் 3.00.

விசாரணைக் குழுவின் முன்னால் இன்ஸ்பெக்டர் மொழிபெயர்ப்பாளர் முதலில் எழுதிய பிரதியை வைத்தார். அதில் தெளிவாகக் 'கால் கரண்டி' என்றே இருந்தது. கடைகளில் மிச்சமிருந்த மருந்துப் பெட்டிகளை அன்றைக்கே திரும்பப் பெறச் சொல்லி உத்தரவாயிற்று. வார்டு வாசலில் இருந்த போலீஸ்காரரை நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

மாலை 5.10.

மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் திறந்தபோது கட்டிலருகே அண்ணன் மகளும், கால்மாட்டில் கீபோர்டு அக்காவும் இருந்தார்கள். கதவோரமாக இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் மகள் அவருக்கு எல்லாவற்றையும் மெல்லச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன்?" என்றார், முதல் வார்த்தையாக. நாக்கு இன்னும் தடித்திருந்தது.

"நல்லாயிட்டான் சித்தப்பா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம். இதே ஆஸ்பத்திரி, மேல் மாடி. அவங்கம்மாவைப் பார்த்துட்டுதான் வந்தேன்."

அவர் தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தார்கள்.

"புரூஃப் சார் பொண்ணுக்குத் தெரியுமா?"

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "இன்னும் சொல்லல சார்" என்றார் அவர். "ஸ்டேஷன்ல இருந்து ஆள் போவாங்க. முறைப்படி சொல்லணும்."

"கைக்குழந்தையோட தனியா இருக்கும் அந்தப் பொண்ணு. காக்கிச் சட்டை போய் வாசல்ல நின்னா..." மூச்சு வாங்கியது. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார். அக்கா ஓடிவந்து முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்தாள்.

"நீங்க பேச வேண்டாம் சித்தப்பா. அவர் உங்களை என்ன செஞ்சார்னு..."

"தெரியும்மா. நான் அவருக்காகப் பேசல." கையை நீட்டினார். "போனைக் குடு."

அவள் தயங்கினாள். இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் நின்றார், பிறகு வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவள் எண்ணைத் தேடி எடுத்துப் போனை அவர் காதில் வைத்தாள். மூன்றாவது மணியிலேயே மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"நான்தாம்மா, அப்பாவோட ஆபீஸ்ல இருந்து பேசறேன்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "உக்காந்துக்கோ. குழந்தையைத் தொட்டில்ல போட்டுட்டு உக்காந்துக்கோ, சொல்றேன்."